தலை நழுவிய டோமஹாக்: பெங்களூரில் ஒரு மலிவுக் கருவியை முகாமுக்குத் தயாரித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த டோமஹாக்கை வாங்கியவர் பெங்களூர் ஹலசூருவில் பிறந்து வளர்ந்தவர், வயது முப்பதைத் தாண்டியவர், வேலை கணினி முன்னால். விடுமுறையில் கூடாரத்தோடு வெளியே கிளம்பும் எங்கள் சின்னக் குழுவில் ஒருவர். அடுப்பு விறகை வெட்ட, கூடார முளை அடிக்க, தோளில் தொங்கவிட என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கருவி வேண்டும் என்று தேடி, இணையத்தில் ஒரு மலிவான டோமஹாக்கை வாங்கினார். விலை ரூ. 2,400. காம்பு சுமார் 22 அங்குலம். தலையில் ஒரு பக்கம் இரண்டேகால் அங்குல அகலத்தில் வெட்டும் வாய், மறுபக்கம் சுத்தி. உலோகம் நடுத்தர கார்பன் எஃகு.

டோமஹாக் வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கைக்கோடாரி. ஐரோப்பியரோடு வணிகம் தொடங்கிய பிறகு அதற்கு இரும்புத் தலை வந்தது. நாம் பார்த்துப் பழகிய, ஆப்பு அடித்த கோடாரியில் காம்பு கீழிருந்து தலையின் கண்ணுக்குள், அதாவது காம்பு போகும் ஓட்டைக்குள், நுழையும், மேலே ஆப்பு அடித்து அதை விரிப்பார்கள். இதில் ஆப்பே கிடையாது. காம்பின் மேல்முனை அகலம், கீழே வரவர மெலிவு. தலையை அடிமுனை வழியாகப் போட்டு மேலே ஏற்றினால் அகன்ற இடத்தில் போய் இறுகிக்கொள்ளும். மண் கொத்தும் குந்தாலிக்கும் இதே ஏற்பாடுதான். அதையே பெங்களூரில் பிக்காசி என்றால் எல்லோருக்கும் தெரியும்.

கருப்புப் பெயின்டைச் சுரண்டி உலோகத்தைப் பழசாகக் காட்டுவது, காம்பில் பாராகார்ட் என்ற நைலான் கயிறு சுற்றுவது, சூட்டுக்கோலால் கோலம் போடுவது. வாங்கும்போதே அவர் மனதில் இருந்த மாற்றங்கள் இவை. எல்லாம் தோற்றம் சம்பந்தப்பட்டவை. தலை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அப்போது யாரும் பார்க்கவில்லை.

முதல் முகாமில் நடந்தது

தேன்கனிக்கோட்டைப் பக்கம் உறவினர் ஒருவரின் தோட்டத்தில் தங்கினோம். அங்கே தைலமரக் கட்டைகள் கிடந்தன. காய்ந்த தைலமரம் பிளக்கக் கடினமானது. நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கொஞ்ச நேரம் வெட்டியதும் தலை ஆட ஆரம்பித்தது. உதவிக்கு வந்த தோட்டக்காரர் கருவியை வாங்கி, காம்பின் அடிமுனையை ஒரு கல்லில் ஓங்கி ஓங்கிக் குத்தினார். ஊரில் கோடாரியின் தலை ஆடினால் அப்படித்தான் இறுக்குவார்கள். அவர் செய்தது முற்றிலும் நியாயமான செயல்.

அதன் பிறகு ஆட்டம் இன்னும் கூடியது. வாங்கியவர் கருவியைச் செங்குத்தாகத் தூக்கியபோது தலை சரசரவென்று கீழே நழுவி அவர் கட்டைவிரல் மூட்டில் இடித்தது. வீக்கமும் சிராய்ப்பும்தான், தையல் தேவைப்படவில்லை. வாய் இன்னும் கூர்தீட்டப்படாமல் இருந்தது. கூர் இருந்திருந்தால் விரலின் கதை வேறாகியிருக்கும். அன்றைய மீதி விறகைத் தோட்டத்துக் கோடாரியே பார்த்துக்கொண்டது.

கழற்றிப் பார்த்தபோது

வாங்கியவரின் மாமா ஒரு பொதுத்துறை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு மொட்டைமாடியில் இன்னும் வைஸும் அரங்களும் வைத்திருக்கிறார். கருவியைக் கையில் வாங்கியதும் கண்ணுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "இது கோடாரி இல்லடா, பிக்காசி. தலைகீழாப் புடிச்சு மேல்முனையத் தட்டணும். நீங்க அடியக் குத்திக் கழட்டி விட்டிருக்கீங்க."

"அப்போ கண்ணு பக்கத்துல இருக்கற இந்த ஸ்க்ரூ எதுக்கு மாமா?" என்று கேட்டார் வாங்கியவர்.

"பெட்டிக்குள்ள தலை ஆடாம இருக்கறதுக்கு. வேற எதுக்கு?"

இந்த நிகழ்வின் மையமே இந்தப் பேச்சுதான் என்று நினைக்கிறேன். ஆப்புக் கோடாரியில் மேலே மெலிவு, கீழே பருமன். அடிமுனையைத் தரையில் குத்தினால் காம்பு நிற்கும், தலை தன் எடையால் இன்னும் கீழே இறங்கிப் பருமனான இடத்தில் இறுகும். டோமஹாக்கில் பருமன் மேலே. அதே குத்தில் தலை மெலிந்த பக்கம் இறங்கித் தளரும். இதை இறுக்கக் கருவியைத் தலைகீழாகப் பிடித்து, காம்பின் மேல்முனையைக் கட்டையில் தட்ட வேண்டும். அப்போது காம்பு நிற்கும், தலை மேல்முனையை நோக்கி நகர்ந்து கவ்வும். வெட்டும்போது சுழலும் வேகமும் தலையை அதே திசையில் இழுப்பதால், சரியாகப் பொருந்திய தலை பறந்து போக வழியில்லை. இந்த அமைப்பின் பெரிய நன்மை அது. தளர்ந்தால் மட்டும் கைப்பக்கம் வரும்.

கண்ணின் பக்கவாட்டில் தலையில்லாத சின்ன ஆலன் ஸ்க்ரூ ஒன்று இருந்தது. அதன் நுனி மரத்தில் குத்தி நின்று, தலை தானாக மேலேறி இறுகுவதைத் தடுத்திருக்கிறது. அடிமுனையைக் குத்தியபோது மரத்தில் ஒரு பள்ளம் உழுதுகொண்டே கீழே வந்திருக்கிறது. ஸ்க்ரூ இருந்த தைரியத்தில் எவரும் பொருத்தத்தைச் சோதிக்கவில்லை.

மற்றவை: கண்ணின் உட்புறமெல்லாம் தடித்த பெயின்ட், அடியில் உலோகப் பிசிர். காம்பு மேல்விளிம்பிலும் ஒரு பக்கத்திலும் மட்டுமே தலையைத் தொட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரிந்தது. காம்பின் மர ரேகை நீளவாக்கில் ஓடாமல், தலைக்குக் கீழே சாய்வாக வெளியேறியது. அப்படிப்பட்ட காம்பு ஒருநாள் அந்த ரேகை வழியாகவே ஒடியும். வாய் ஒரு பக்கம் அதிகமும் மறுபக்கம் குறைவுமாகத் தேய்க்கப்பட்டிருந்தது, மொத்தக் கோணம் ஏறக்குறைய 45 பாகை. விறகுக்கு அது மிகத் தடிமன்.

ஸ்க்ரூவும் பெயின்டும்

முதல் முடிவு, ஸ்க்ரூவை எடுத்துவிட்டுத் திரும்பப் போடாமல் இருப்பது. பாதுகாப்புக்கு இருக்கட்டுமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். மாமா ஒப்புக்கொள்ளவில்லை, பொருத்தம் சரியாக இருந்தால் ஸ்க்ரூ வேண்டாம், சரியில்லை என்றால் ஸ்க்ரூ காப்பாற்றாது. எனக்கும் அது சரியென்றே பட்டது. ஓட்டையை வெல்டிங் வைத்து அடைக்கலாமா என்ற பேச்சும் வந்தது. அந்தச் சூடு தலையின் பதத்தைக் கெடுக்கும் என்பதால் விட்டுவிட்டு, ஓட்டையின் உள்விளிம்பை மட்டும் அரத்தால் மழுக்கினோம்.

பெயின்டை நெருப்பில் காட்டி எரிப்பதையும் இதே காரணத்தால் தவிர்த்தோம். கார்பன் எஃகு 220 பாகை செல்சியஸ் அளவில் வைக்கோல் நிறமும் 300 பாகை வாக்கில் நீலமும் காட்டும். வாயில் நீலம் படர்ந்தால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று அர்த்தம். திரும்பக் கடினமாக்கச் சூடேற்றி முக்கியெடுக்கும் வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். பெயின்ட் ரிமூவர் பூசி, மொட்டைமாடிக் காற்றில், ரப்பர் கையுறையோடு சுரண்டினோம். அதன் ஆவி மூச்சுக்குக் கெடுதல், மூடிய அறையில் வேண்டவே வேண்டாம். பிறகு எமரித் தாள்.

கண்ணுக்குள் அரைவட்ட அரம் போட்டுப் பிசிரை எடுத்தார் மாமா. அடிவிளிம்பைக் கொஞ்சம் சரிவாக்கினார். அந்த விளிம்பு கூராக இருந்தால் தலை ஏறும்போதெல்லாம் மர நாரைச் சீவிக்கொண்டே இருக்கும்.

புதுக் காம்பு

கூடவே வந்த காம்பைச் சரிசெய்து பயன்படுத்தலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. பள்ளத்தை இழைத்து எடுத்தால் பருமன் போய்விடும், சாய்ந்த ரேகையை எதனாலும் நேராக்க முடியாது. அதனால் புதுசு. அமெரிக்காவில் இதற்கு ஹிக்கரி மரம். நமக்கு அதைத் தேடி அலையத் தேவையில்லை. கருவேலங்கட்டை நம் ஊர்களில் காலங்காலமாகக் கருவிக் காம்புக்குப் போகிற மரம். கலாசிபாளையத்தில் மம்பட்டி, பிக்காசிக் காம்புகள் கட்டுக் கட்டாக விற்கும் கடையொன்றில், மேல்முனை அகன்ற ஒரு பிக்காசிக் காம்பைப் பொறுக்கி எடுத்தோம். பொறுக்குவதில் மாமா நேரம் எடுத்துக்கொண்டார். முனைவெட்டில் வளையங்கள் வெட்டும் வாயின் திசையிலேயே ஓட வேண்டும், பக்கவாட்டில் ரேகை மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் வர வேண்டும், தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். கடைக்காரர் பொறுமையாக நின்றார்.

பிக்காசிக் காம்பு டோமஹாக் கண்ணுக்கு மிகவும் பருமன். இழைப்புளியால் பெரும்பகுதியை எடுத்து, மர அரத்தால் முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்து, கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினார். இனிமேல்தான் உண்மையான வேலை. கண்ணின் உட்புறத்தில் விளக்குக் கரியை மெல்லிசாகப் பூசி, தலையைக் காம்பில் ஏற்றி, மேல்முனையை ஒரு தட்டு தட்டிக் கழற்றினால், மரம் எங்கெல்லாம் தொடுகிறதோ அங்கெல்லாம் கருப்பு ஒட்டியிருக்கும். கருப்பு ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டிவிட்டுத் திரும்ப ஏற்றுவது. ஆலையில் பேரிங்கைப் பொருத்த நீலச்சாயம் பூசிப் பார்க்கும் அதே முறை. ஆரம்பத்தில் இரண்டு புள்ளிகளில் மட்டும் கரி ஒட்டும், போகப்போகப் பட்டையாகப் பரவும், கண்ணின் முழு உயரத்துக்கும் சுற்றிலும் சீராக ஒட்டும்போது நிறுத்த வேண்டும். வாங்கியவர் நடுவில் அவசரப்பட்டு உப்புத்தாளை எடுத்தார். மாமா வாங்கி வைத்துவிட்டார். உப்புத்தாள் மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்தே தேய்க்கும், சுரண்டினால் மேடு மட்டும் போகும்.

இறுகிய நிலையில் காம்பின் மேல்முனை தலைக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டோம். வெயில் காலத்தில் மரம் சுருங்கினால் தலை இன்னும் கொஞ்சம் மேலேறி இறுக இந்த இடம் வேண்டும். பார்க்க நன்றாக இருக்காது என்று நீட்டல் இல்லாமல் சமமாக அறுத்துவிடுகிறவர்கள் அந்த இடத்தை இழந்துவிடுகிறார்கள்.

பாராகார்ட் சுற்றும் யோசனை இங்கே கைவிடப்பட்டது. தலை கழன்று வர வேண்டிய வழியே காம்பு முழுவதும்தான். கயிறு சுற்றினால் கழற்ற முடியாது, நனைந்தால் ஈரம் உள்ளேயே நிற்கும், விரிசல் விட்டாலும் கண்ணில் படாது. இதை ஏற்க வாங்கியவருக்கு மனமில்லை, ஆனாலும் ஏற்றார்.

வாய்

மின் சாணையைத் தொடவில்லை. உலர் சாணையில் மெல்லிய வாய் சில நொடிகளிலேயே நீலமாகிவிடும். முதலில் அரம் எப்படிக் கடிக்கிறது என்று பார்த்தோம். கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் எஃகு அளவுக்கு மீறிக் கடினம், வாய் சில்லு தெறிக்கும். இதில் அரம் கொஞ்சம் முரண்டு பிடித்துக் கடித்தது. கோடாரி வகைக்கு அதுதான் வேண்டும்.

இருபக்கமும் மார்க்கர் பேனாவால் கருப்படித்து, கருப்பு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே அரத்தை ஓட்டி, மொத்தக் கோணத்தை 30 பாகை அளவுக்குக் குறைத்தோம். தட்டையாக விடாமல், வாய்க்குப் பின்னால் உள்ள கன்னம் லேசாக உப்பியிருக்கும்படி முடித்தது விறகில் சிக்காமல் வெளியே வருவதற்கு. பிறகு கார்போரண்டம் கல்லின் சொரசொரப் பக்கம், அப்புறம் நைஸ் பக்கம், கடைசியில் பழைய பெல்ட்டின் தோல். அரத்தை வாயை நோக்கித் தள்ளும்போது கனத்த கையுறை கட்டாயம்.

பூச்சு, எண்ணெய், உறை

வாங்கியவர் ஆசைப்பட்ட பழைய தோற்றம் இங்கே கிடைத்தது. தலையைச் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவி, சாதா வெள்ளை வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் எஃகு சாம்பல் நிறமாகும். சமையல் சோடா கரைத்த நீரில் அமிலத்தை முறித்து, உடனே துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். இந்தச் சாம்பல் பூச்சு துருவை முழுசாகத் தடுக்காது. செந்துரு பிடிப்பதைத் தாமதப்படுத்தும், பளபளப்பைக் குறைக்கும்.

காம்புக்கு வார்னிஷ் இல்லை. வேர்வையில் வழுக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, காயவிட்டு, திரும்பத் தேய்ப்பது. ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும்: அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடக்கூடாது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும், குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பற்றிய சம்பவங்கள் உண்டு. தண்ணீரில் நனைத்தோ கொடியில் விரித்துக் காயவைத்தோதான் தூக்கிப் போட வேண்டும்.

உறையைச் சிவாஜிநகரில் தோல்வேலை செய்யும் ஒருவர் தைத்துக் கொடுத்தார். தையல் வரிசைக்கும் வாய்க்கும் நடுவில் தடித்த தோல் பட்டை ஒன்று வைக்கச் சொன்னோம். இல்லாவிட்டால் வாய் நூலை அறுத்துவிடும்.

எங்கே எடுத்துப் போவது

இதைப் பேசாமல் இருக்க முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளின் பட்டியலில் போர்க்கோடாரி பெயர் சொல்லியே இருக்கிறது. அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டிய கருவிகளையும் அது சேர்க்கிறது. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. இந்தக் கருவியின் வாய் இரண்டு அங்குலத்தைத் தாண்டுகிறது. ஆகவே இதை விறகுக் கருவியாகவே வைத்திருப்பது, பின்பக்கம் கூர்முனை வைத்த வகையைத் தொடாமல் இருப்பது, உறையிட்டுக் கார் டிக்கியில் கூடார மூட்டைக்குள் வைப்பது என்று முடிவானது.

பன்னேர்கட்டா தேசியப் பூங்கா, காவிரி வனவிலங்கு சரணாலயம் போன்ற இடங்களுக்கு இது போகவே போகாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்தில் நுழைவதைத் தடுக்கிறது. 30ஆம் பிரிவு அங்கே தீ மூட்டுவதைத் தடுக்கிறது. தேசியப் பூங்காக்களுக்கும் இவை பொருந்தும். உரிமையாளர் அனுமதித்த பட்டா நிலம், தரையில் கிடக்கும் காய்ந்த விறகு, அவ்வளவே எங்கள் எல்லை. பச்சை மரத்தில் எறிந்து பழகும் ஆசைக்கும் குழுவில் இடம் தரவில்லை.

அடுத்து நடந்தவை

அதே தோட்டத்துக்குத் திரும்பப் போனோம். மணிக்கட்டுப் பருமன் கிளைகளை வெட்டவும், சுள்ளி பிளக்கவும், முளை சீவவும் கருவி நன்றாக வேலை செய்தது. தலை ஆடவே இல்லை. தொடைப் பருமன் தைலமரக் கட்டையை அது பிளக்கவில்லை. இவ்வளவு இலேசான தலையிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது. அதற்குத் தோட்டத்துக் கோடாரிதான். விறகு மட்டுமே தேவை என்றால் கொல்லர் பட்டறையில் இதைவிடக் குறைந்த விலைக்கு இதைவிட நல்ல கோடாரி கிடைக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. டோமஹாக்கின் தனிப்பலம் வேறு: காம்பு ஒடிந்தால் ஆப்பு இல்லாமல், ஒரு கத்தியை மட்டும் வைத்து, கிடைத்த கட்டையைச் சீவிப் புதுக் காம்பு போட்டுவிடலாம். காம்பைக் கழற்றித் தலையை மட்டும் கையில் பிடித்துச் சீவலாம்.

மார்ச் வெயிலில் காம்பு சுருங்கியது. மேலே விட்ட ஒரு சென்டிமீட்டரில் மூன்று மில்லிமீட்டர் குறைந்து, தலை அதுவாகவே மேலேறி இறுகியிருந்தது. பழைய ஸ்க்ரூ இருந்திருந்தால் இந்த நகர்வு நடந்திருக்காது, இடைவெளிதான் மிஞ்சியிருக்கும். மழைக்காலத்தில் கண்ணுக்குள் லேசான துரு தெரிந்தது. பெயின்ட் எடுத்த இடம், எண்ணெய் போதவில்லை.

சூட்டுக்கோல் கோலம் கடைசியில் சின்னதாக நடந்தது. வாங்கியவர் தலைக்குச் சற்றுக் கீழே, மேல்நோக்கி ஒரு அம்புக்குறியைச் சுட்டார். இறுக்க வேண்டுமானால் எந்த முனையைத் தட்ட வேண்டும் என்று புதிதாகக் கையில் எடுப்பவருக்கும் தெரியும். தோட்டக்காரர் அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டு தலைகீழாகப் பிடித்துத் தட்டிக் காட்டினார்.

மாற்ற வேண்டியவை

வரிசை மாற வேண்டும். காம்புப் பொருத்தம் முதலில், வாய் அதன் பின், தோற்றம் கடைசி. வினிகர் பூச்சுக்குப் பிறகும் கண்ணுக்குள் அரம் போட வேண்டிவந்ததால் பூச்சின் ஒரு பகுதி வீணானது. கருவி வந்த அன்றே ஸ்க்ரூவைக் கழற்றி, காம்பு எங்கே தொடுகிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் விரல் தப்பியிருக்கும். இரவல் கொடுக்கும் எவருக்கும் இறுக்கும் முறையைக் கையில் செய்து காட்ட வேண்டும். வாயால் சொன்னால் பழகிய கை பழகியபடியே குத்தும்.

காம்பு மரமும் போதிய அளவு காயவில்லை. கடையில் காய்ந்தது என்று வாங்கினாலும் வீட்டில் சில வாரம் வைத்திருந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டாவதாக ஒரு கருவேலக் காம்பு இப்போது மாமா வீட்டுப் பரணில், சுவரை ஒட்டாமல் இரண்டு கட்டைகளின் மேல் கிடக்கிறது. முனைவெட்டுகளில் விரிசல் விடாமலிருக்க மெழுகு பூசியிருக்கிறார். மாதம் ஒருமுறை அதைச் சமையலறைத் தராசில் எடை போட்டு, காம்பின் மேலேயே பென்சிலால் குறிக்கிறார். எடை குறைவது நின்று, அடுத்தடுத்த இரண்டு குறிப்புகள் ஒன்றாக வந்தபிறகே அதில் அரம் வைப்பதாக முடிவு.